பாட்டன் காலத்துப் போரும் பேரன் படிக்காத நாவலும்



வரலாற்று நாவல் என்றவுடன் நம்மில் பலருக்குச் சோழ நாட்டு அரண்மனையும், குதிரையில் விரையும் வீரனும், சுரங்க வழியுமே நினைவுக்கு வரும். கல்கியையும் சாண்டில்யனையும் படித்து வளர்ந்தவர்கள் நாம். அதில் குறையொன்றும் இல்லை. ஆயினும், நம் தாத்தாவும் பாட்டியும் வாழ்ந்த காலமே உலக வரலாற்றைப் புரட்டிப் போட்ட காலம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஈப்போவின் தெருக்களிலும், கம்பார் குன்றுகளிலும், சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களிலும் அவ்வரலாறு நடந்தேறியது. அக்காலத்தை எழுதிய நாவல்கள் தமிழில் இருக்கின்றன. அவற்றை நம் வீட்டு அலமாரிகளில் காண்பதுதான் அரிதாக இருக்கின்றது.

இதை இன்று எழுத வேண்டிய தேவை என்ன? 1941-ஆம் ஆண்டில் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறு வயது கடந்துவிட்டது. அவர்கள் வாய்மொழியாகக் கேட்டு எழுதக்கூடிய காலம் முடிவுக்கு வந்துகொண்டிருக்கின்றது. தோட்டங்களும் பெரும்பாலும் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் இல்லை, பிரட்டுக்களம் இல்லை. ஆகவே, எஞ்சியிருக்கும் சான்றுகளுள் நாவலும் ஒன்றாகிவிட்டது. அதை எப்படிப் படிப்பது, பிள்ளைகளுக்கு எப்படிக் கொண்டு சேர்ப்பது என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேராவில் போர்

1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படைகள் கோத்தா பாருவில் தரையிறங்கின. அதே மாதம் முடிவதற்குள் ஈப்போ அவர்கள் வசமாயிற்று. டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை கம்பாரில் கடும்போர் நிகழ்ந்தது. அங்கே ஜப்பானியரை நான்கு நாள் தடுத்து நிறுத்திய படையில் ஆங்கிலேயரோடு பஞ்சாபியரும் சீக்கியரும் நின்று போரிட்டனர். 1942 ஜனவரி 7-ஆம் நாள் சிலிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் பிரிட்டிஷ் இந்தியப் படையை ஊடறுத்துச் சென்றன. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. எழுபதே நாளில் ஒரு பேரரசு மலாயாவை இழந்துவிட்டது!

இவையெல்லாம் வரலாற்று நூல்களில் கிடைக்கும். தோட்டங்களில் என்ன நடந்தது என்பதுதான் அவற்றில் ஓரிரு வரிகளோடு நின்றுவிடும். துரைமார்கள் தெற்கு நோக்கி ஓடினர். ரப்பர் ஏற்றுமதி நின்றதால் பால்மரம் வெட்டுவோருக்கு வேலை போயிற்று. மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்கி வந்த நாடு. போரினால் அவ்வரவு குறைந்தபோது மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. சாக்குத் துணியே உடையாயிற்று. வாழைமரப் படம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டு கை நிறைய இருந்தும் கடையில் பொருள் இல்லை. அடுத்து நடந்த கொடுமைக்கு வழிவகுத்ததும் இந்த வறுமையே.

சயாமுக்குப் போனவர்கள்

சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளத்திற்கு ஜப்பானியர் ரயில் பாதை அமைத்தனர். 1942-ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கிய வேலை 1943 அக்டோபர் 17-ஆம் நாள் இரு முனைகளும் இணைந்ததோடு நிறைவுற்றது. ஏறத்தாழ 60,000 போர்க்கைதிகள் அதில் வேலை செய்தனர். அவர்களுள் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் என்றும், அவர்களுள் மாண்டோர் 90,000 அளவில் இருக்கலாம் என்றும் மதிப்பிடப்படுகின்றது. மலாயாவிலிருந்து சென்றவர்களுள் மிகப் பலர் தோட்டத் தமிழர்கள்.

மதிப்பீடு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. காஞ்சனபுரியில் உள்ள போர்க்கல்லறையில் ஏறக்குறைய 7,000 போர்க்கைதிகள் வரிசை வரிசையாகத் துயில்கின்றனர். பெரும்பாலான கல்லிலும் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நம்மவர்க்கு அப்படியொரு கல் இல்லை. படைவீரனுக்குப் பதிவேடு இருந்தது. கூலிக்குப் பதிவேடு இல்லை. முதலில் குறுகிய கால ஒப்பந்தம், நல்ல கூலி என்று ஆசை காட்டினர். பிறகு லாரியில் பிடித்து ஏற்றினர். 1943-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் முகாம்களில் வாந்திபேதி பரவியபோது மருந்தும் இல்லை, மருத்துவரும் இல்லை. யார் எந்த ஊர், யாருடைய மகன் என்று எழுதி வைக்க ஒருவரும் இல்லை.

எண்ணிக்கை கூடத் தெரியாத இடத்தில் வரலாற்றாசிரியரின் பேனா நின்றுவிடுகின்றது. நாவலாசிரியரின் பணி அங்கேதான் தொடங்குகின்றது. பெயர் தெரியாமல் போனவர்களுக்கு அவர் ஒரு பெயர் கொடுக்கின்றார். ஒரு மனைவி, ஒரு பிள்ளை, ஒரு கோபம் கொடுக்கின்றார். அந்தப் பெயர் கற்பனைதான். ஆனால் அப்படியொரு மனிதர் இருந்தார் என்பது கற்பனையன்று.

ஒரே நகரம், இரண்டு பெண்கள்

போர் எதிர்ப்பு என்றால் எதிரி யார் என்பது தெளிவாக இருக்க வேண்டும் என்று நாம் நினைப்பதுண்டு. பேராவின் வரலாறு அவ்வளவு எளிதானதன்று. ஈப்போவோடு தொடர்புடைய இரண்டு பெண்மணிகளின் வாழ்வே இதற்குச் சான்று.

முதலாமவர் சிபில் கார்த்திகேசு. 1899-ஆம் ஆண்டு மேடானில் பிறந்த யுரேசியப் பெண்மணி. தாதியும் மருத்துவச்சியும் ஆவார். இலங்கைத் தமிழ் வழிவந்த மருத்துவர் ஏ.சி. கார்த்திகேசுவை மணந்து, ஈப்போ புரூஸ்டர் சாலையில், இன்றைய சுல்தான் இட்ரிஸ் ஷா சாலையில், கணவரோடு மருத்துவமனை நடத்தி வந்தார். ஜப்பானியர் வந்ததும் அக்குடும்பம் ஈப்போவுக்கு அருகிலுள்ள பாப்பான் என்னும் ஈயச் சுரங்கச் சிற்றூருக்குப் பெயர்ந்தது. அங்கே காட்டிலிருந்து இரவில் இறங்கி வந்த ஜப்பானிய எதிர்ப்புப் படையினருக்கு அவர் மருந்திட்டார். ஜப்பானியரின் தடையை மீறி வானொலி கேட்டுச் செய்தி பரப்பினார். 1943-இல் பிடிபட்டார். கெம்பித்தாய் என்னும் ஜப்பானிய இராணுவப் போலீசார் அவரைச் சொல்லொணாச் சித்திரவதைக்கு ஆளாக்கினர். அவருடைய சின்னஞ்சிறு மகளை அவர் கண்முன்னே கட்டித் தொங்கவிட்டு மிரட்டியும் அவர் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. போர் முடிந்து விடுதலையானபோது நடக்கவும் இயலாத நிலையில் இருந்தார். சிகிச்சைக்காகப் பிரிட்டன் சென்ற அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. 1948 ஜூன் 12-ஆம் நாள் ஸ்காட்லாந்தில் உயிர் நீத்தார். பின்னர் அவர் உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது.

இரண்டாமவர் ராசம்மா பூபாலன். 1927-இல் ஈப்போவில் பிறந்தவர். பதினாறு வயதில் தம் சகோதரியோடு இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா வரை சென்றார். நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூரில் தலைமையேற்ற பிறகு உருவான பெண்கள் படை அது. போருக்குப் பின் ராசம்மா ஆசிரியரானார். 1960-இல் பெண் ஆசிரியர் சங்கத்தை உருவாக்குவதில் முன்னின்றார். ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு ஒரு சம்பளம் என்றிருந்த நிலையை எதிர்த்துப் போராடினார். இன்று நம் பெண் ஆசிரியர்கள் பெறும் சம ஊதியத்தில் அவருடைய உழைப்பும் கலந்திருக்கின்றது.

இவ்விருவரையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒருவர் ஜப்பானியரை எதிர்த்தவர். ஆங்கிலேயர் திரும்பி வருவர் என்று காத்திருந்தவர். மற்றவர் ஆங்கிலேயரை எதிர்த்தவர். ஜப்பானியரின் துணையோடு இயங்கிய படையில் நின்றவர். இருவரும் துணிவுடையவர்கள். இருவரும் தமக்காக எதையும் கேட்கவில்லை. இவர்களுள் யார் சரி என்று ஒரு மாணவன் கேட்டால் நாம் என்ன சொல்வது?

இன்னும் ஒரு முடிச்சு உண்டு. மரண ரயில் பாதை இணைந்தது 1943 அக்டோபர் 17. நேதாஜி சிங்கப்பூரில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தது அக்டோபர் 21. இடையில் நான்கே நாள்! தாலிக்கொடியைக் கழற்றி நேதாஜியின் நிதிக்குக் கொடுத்த தோட்டப் பெண்களும், கணவனைச் சயாமுக்குப் பறிகொடுத்த தோட்டப் பெண்களும் ஒரே சமூகத்தினர். இராணுவத்தில் சேர்ந்தால் சயாமுக்குப் போகாமல் தப்பலாம் என்று கணக்கிட்டுச் சேர்ந்தவர்களும் உண்டு. இந்திய விடுதலைக்காக உயிர் கொடுக்கவே சேர்ந்தவர்களும் உண்டு. இரண்டையும் சேர்த்து நினைத்தவர்களே அதிகம் இருந்திருப்பர்.

பாடநூல் இத்தகைய முடிச்சுகளைத் தனித்தனிப் பாடமாகப் பிரித்துவிடும். ஒரே குடும்பத்தில் அண்ணன் சயாமிலும் தம்பி இராணுவத்திலும் இருப்பதைக் காட்டுவதற்கு நாவலே ஏற்ற வடிவம்.

1948: எதிரி மாறிய கதை

சிபில் மருந்திட்ட காட்டுப் படையினர் பலர் மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியைச் சார்ந்தவர்கள். 1946-இல் ஆங்கிலேயர் அவர்களுக்குப் பதக்கம் அணிவித்தனர். அப்படிப் பதக்கம் பெற்றவர்களுள் பேராவின் சித்தியவானைச் சேர்ந்த சின் பெங்கும் ஒருவர். இரண்டே ஆண்டில் நிலைமை தலைகீழாயிற்று. 1948 ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஜூன் 18-இல் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 ஜூலை 31 வரை நீடித்தது.

தோட்டத் தொழிலாளி இருபுறமும் நெருக்கப்பட்டான். காட்டிலிருந்து வருவோர் அரிசி கேட்டனர். கொடுத்தால் அரசாங்கம் பிடித்துக்கொண்டு போயிற்று. லயங்கள் முள்வேலிக்குள் கொண்டுவரப்பட்டன. தொழிற்சங்கத்தில் முன்னின்றவர்கள் மீது சந்தேகம் விழுந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, ஆயுதம் வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் 1949 மே 4-ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

அடுத்த தலைமுறையின் போராட்டம் வேறு வடிவம் எடுத்தது. ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடத் தொழிலாளர்கள் வீடிழந்தனர். சுங்கை சிப்புட்டின் மைந்தரான துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தொழிலாளர்களின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கினார். துப்பாக்கி இல்லாத இந்த எதிர்ப்பும் நம் பிள்ளைகள் அறிய வேண்டியதே.

மூன்று தலைமுறை எழுத்து

இக்காலத்தை எழுதிய தமிழ் நாவலாசிரியர்களை மூன்று தலைமுறையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் தலைமுறையினர் வளர்ந்த வயதில் போரை நேரில் கண்டவர்கள். ப. சிங்காரம் இவர்களுள் தலையாயவர். சிவகங்கைச் சீமையின் சிங்கம்புணரியில் 1920-இல் பிறந்து, இளம் வயதிலேயே மேடானுக்குப் பிழைக்கச் சென்றவர். போருக்குப் பின் தமிழகம் திரும்பி மதுரையில் நாளிதழில் பணியாற்றினார். அவருடைய ‘கடலுக்கு அப்பால்’ 1959-இலும் ‘புயலிலே ஒரு தோணி’ 1972-இலும் வெளிவந்தன. மேடானும் பினாங்கும் இந்திய தேசிய இராணுவமும் அவற்றின் களங்கள். வட்டிக்கடைப் பையன்கள் துப்பாக்கி ஏந்திய காலத்தை அவர் வீர வணக்கம் ஏதுமின்றி எழுதினார். ஆயினும் அவர் கண்டது கடைத்தெருவின் போர். தோட்ட லயத்தின் போரை எழுத வேறொருவர் வரவேண்டியிருந்தது.

இரண்டாம் தலைமுறையினர் போரின்போது சிறுவர்களாக இருந்தவர்கள். 1930-இல் பிறந்த அ. ரெங்கசாமி ஆசிரியராகப் பணியாற்றியவர். மரண ரயிலை ‘நினைவுச் சின்னம்’ நாவலிலும், இந்திய தேசிய இராணுவத்தை ‘இமையத் தியாகம்’ நாவலிலும், சிலாங்கூர் வட்டார வாழ்வை ‘லங்காட் நதிக்கரை’ நாவலிலும் எழுதினார். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ இவற்றுக்கு முன்பே, 1990-களில் வெளிவந்தது. போர் முடிந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின்னரே இந்நாவல்கள் எழுந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். பிழைத்து வந்தவர்கள் பேசத் தயங்கினர். கேட்டவர்கள் எழுதுவதற்கு வயிற்றுப்பாடு இடங்கொடுக்கவில்லை. பணி ஓய்வு பெற்ற பிறகுதான் பலருக்குப் பேனா வாய்த்தது.

மூன்றாம் தலைமுறையினர் போருக்குப் பின் பிறந்தவர்கள். கெடா மாநிலத்தைச் சேர்ந்த கோ. புண்ணியவானின் ‘கையறு’ மரண ரயிலை மீண்டும் எடுத்துக்கொண்டது. காணாத ஒன்றை எழுதுவோர்க்குக் கேள்வியும் வாசிப்புமே கருவி. ஆகவே, அவர்களுக்குத் தகவல் தேடும் சுமை கூடுதல். அதே வேளையில், நேரில் கண்டவர்கள் சொல்லக் கூசியவற்றை அவர்களால் சற்று விலகி நின்று கேட்க முடிகின்றது.

நான்காம் தலைமுறை நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றது. கம்பார் குன்றும், பாப்பானின் அந்த வீடும், சுங்கை சிப்புட்டின் தோட்டங்களும் தமிழில் இன்னும் விரிவாக எழுதப்படக் காத்திருக்கின்றன. எழுதப்போகிறவர் ஒருவேளை நம் மூன்றாம் ஆண்டு வகுப்பில் பென்சில் சீவிக்கொண்டிருக்கலாம்!

புனைவு எது, வரலாறு எது?

“நாவல்தானே, எல்லாம் கற்பனை” என்று ஒதுக்குவோரும் உண்டு. “நாவலில் படித்தேன், ஆகவே உண்மை” என்போரும் உண்டு. இரண்டுமே ஆகாது. வரலாற்று நாவலைப் படிக்கும் மாணவனுக்கு மூன்று கேள்விகளைக் கற்றுக்கொடுத்தால் போதும்.

ஒன்று: கதையில் வரும் ஆண்டும் இடமும் வரலாற்றோடு பொருந்துகின்றனவா? இது சரிபார்க்கக் கூடியது. கம்பார் போர் எப்போது, ரயில் பாதை முடிந்தது எப்போது என்பவற்றை நூலகத்தில் தேடிக் கண்டறியலாம்.

இரண்டு: வரும் மனிதர்களுள் உண்மையில் வாழ்ந்தவர் யார், ஆசிரியர் படைத்தவர் யார்? நேதாஜி கதையில் வரலாம். ஆனால் அவர் கதைநாயகனிடம் பேசும் பேச்சு ஆசிரியர் எழுதியது. இந்த வேறுபாடு தெரிந்த பிள்ளை, நாளை கைப்பேசியில் வரும் செய்தியையும் ஆராய்ந்தே நம்பும்.

மூன்று: யார் குரல் கதையில் இல்லை? போர் நாவல்களில் ஆண்கள் புறப்பட்டுப் போகின்றனர். கதையும் அவர்களோடு போய்விடுகின்றது. லயத்தில் தங்கிவிட்ட பெண்கள் மரவள்ளி நட்டு, பிள்ளைகளைக் காப்பாற்றி, சிப்பாயின் கண்ணில் படாமல் மகளை ஒளித்து வைத்தார்களே, அதுவும் எதிர்ப்பன்றோ? சீன, மலாய் அண்டை வீட்டாருக்கு நேர்ந்தது என்ன? இக்கேள்வி நாவலைக் குறை சொல்வதற்காக அன்று. அடுத்த நாவலுக்கான இடத்தைக் காண்பதற்காக.

இனி, ‘யார் சரி?’ என்ற மாணவனின் கேள்விக்கு வருவோம். நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை என்பது என் கருத்து. சிபிலுக்கு 1943-இல் என்ன தெரிந்திருந்தது, ராசம்மாவுக்கு என்ன தெரிந்திருந்தது, யாரைக் காப்பாற்ற ஒவ்வொருவரும் துணிந்தனர் என்று மாணவனையே தேடச் சொல்லலாம். நடந்து முடிந்ததை அறிந்த நாம், நடக்கும்போது முடிவெடுத்தவர்களை எளிதில் எடைபோட்டுவிடக் கூடாது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இந்த நாவல்கள் பெரியவர்களுக்கானவை. அவற்றிலுள்ள கொடுமைகளை எட்டு வயதுப் பிள்ளையிடம் அப்படியே வாசித்துக் காட்டுதல் தகாது. பெற்றோர் முதலில் படியுங்கள். பிறகு பிள்ளையின் வயதுக்கேற்பக் கதையாகச் சொல்லுங்கள். பசி, பிரிவு, அண்டை வீட்டார் உதவி ஆகியவை சிறு பிள்ளைக்கும் புரியும்.

அடுத்து, விடுமுறையில் ஒரு குறிப்பேடு வாங்குங்கள். குடும்பத்தில் மூத்தவரிடம் பிள்ளையையே கேட்கச் செய்யுங்கள். எந்தத் தோட்டம்? எந்தப் பிரிவு? கங்காணி பெயர் என்ன? ஜப்பான்காரன் காலத்தில் என்ன சாப்பிட்டார்கள்? சயாமுக்குப் போனவர் யார்? திரும்பி வராதவர் யார்? போரைக் கண்டவர் இன்று இல்லையென்றால், அவரிடம் கேட்டவரிடம் கேட்கலாம். சொன்னவர் பெயரையும் சொன்ன நாளையும் எழுதிவைக்க வேண்டும். ஞாபகம் பிசகியிருந்தாலும் திருத்தாமல் சொன்னபடியே எழுதுங்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதைப் பிறகு செய்துகொள்ளலாம். பழைய அடையாள அட்டை, தோட்டத்துப் புகைப்படம், சம்பளப் புத்தகம் ஏதும் இருந்தால் குப்பைக்கு அனுப்பாமல் பத்திரப்படுத்துங்கள்.

ஆசிரியர்களே, கட்டுரைப் பயிற்சிக்கு ‘நான் ஒரு குடை’ என்று எத்தனை காலம் எழுதச் சொல்வது? ‘1942-இல் என் பாட்டி’ என்று ஒருமுறை எழுதச் சொல்லிப் பாருங்கள். விடை ஒன்றுபோல் வராது. திருத்த நேரமும் கூடும். ஆனால் எந்தப் பயிற்சி நூலிலும் கிடைக்காத செய்தி அதில் இருக்கும். பள்ளி நூலகத்தில் மேற்சொன்ன நாவல்களில் இரண்டொன்றாவது இருக்க வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் மனம் வைத்தால் இது பெரிய செலவன்று.

காஞ்சனபுரியில் நம்மவர் பெயர் பொறித்த கல் இல்லையே என்று வருந்துகின்றோம். அந்தப் பெயர்களுள் ஒன்று நம் வீட்டுப் பேச்சில் இன்னமும் உயிரோடு இருக்கக்கூடும். அதைக் கேட்டு எழுதிவைப்பது நம் கையில்தான் இருக்கின்றது. இந்த விடுமுறையிலேயே தொடங்குவோம்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர்